கன்னத்தில் ஒரு கரும்புள்ளி

ஆலன் என்ற அமெரிக்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு விமானக் கொட்டகை. உலகப் போரில் பறந்த பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சரிசெய்வதற்காக, அந்தக் கால விமானங்களின் மூக்கில் இருந்த படங்களைத் தகட்டில் வரைந்து ஏலம் விடுகிறார்கள். என் தோழி மாலதி வரைந்த சிவப்புக் கவுன்காரி இன்னும் காயவில்லை. ஏலத்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

அந்தப் படத்தோடு பறந்து, சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் உயிர் தப்பிய ஒரே ஆள் எதிரே நிற்கிறார். பழைய புகைப்படத்தோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிடுகிறார். அச்சு அசலாக இருந்தால்தான் தகட்டில் கையெழுத்துப் போடுவாராம். அவர் விரல் கன்னத்தில் நின்றுவிடுகிறது.

"இந்தப் புள்ளி அசலில் இல்லையே?" என்கிறார் ஆங்கிலத்தில்.

மாலதிக்கு முகம் வெளுக்கிறது. "ஐயோ, திருஷ்டிப் பொட்டுடி! பழக்கதோஷத்துல வெச்சிட்டேன். துடைச்சிடறேன்" என்று துணியை எடுக்கிறாள்.

எனக்கு அவள்மேல் எரிச்சலாக வருகிறது. ஆனாலும், பிள்ளைகளுக்குக் கெடுதல் வராமலிருக்க எங்கள் ஊரில் வைப்பது என்று அவரிடம் தட்டுத்தடுமாறிச் சொல்கிறேன்.

அவர் மாலதியின் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கிறார்.

"அழிக்காதே" என்கிறார். "அன்றைக்கு இவளுக்கு யாரும் இதை வைக்கவில்லை."