கடைசிக் கதவின் ஓரம்

என் மனைவி கொடைக்கானலை விட்டு இறங்கி, கன்னிவாடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. அவளுக்கு இளைப்பு. மழைக்காலம் வந்தால் எங்கள் அடுப்படி அலமாரிக் கதவுகளில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். "இந்த ஈரம் உங்களுக்கு ஆகாதும்மா" என்று டாக்டர் சொன்னார். கீழே போனாள், மூச்சு சீரானது. "அடுப்படிய மட்டும் சரி பண்ணிருங்க, நான் வந்துர்றேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு தடவை, "நீங்களும் இங்க வந்துருங்களேன்" என்றும் கேட்டாள். "விருந்தும் மருந்தும் மூணு நாளு" என்று வீறாப்பாகப் பதில் சொன்னேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அம்மாக்காரி போய் இருக்கலாம், அவள் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஊர் சொல்லும். அப்பன் போய் இருந்தால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு ஆளுக்கு எத்தனை அரிசி என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. இன்றைக்கு இதைச் சொல்வதில் வெட்கமில்லை, அன்றைக்கு இருந்தது.

ஐப்பசி அடைமழை விட்டதும் வேலையைத் தொடங்கினேன். கதவுகளையே மாற்றலாம் என்றால் ஊரில் உள்ள ஆசாரிமார் எல்லாம் காட்டேஜ் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டு அடுப்படிக்கு யார் வருவார்கள்? அதனால் பஜாரில் பாய் கடைக்குப் போய், மர நிறத்தில் ஸ்டிக்கர் ஷீட் ஒரு சுருள் கேட்டேன்.

பாய் சுருளை எடுத்துப் போடும் முன்பே புத்திமதியை எடுத்துப் போட்டார். "பூசணத்து மேல அப்படியே ஒட்டிராதீங்க சார். தேச்சு, துடைச்சு, நல்லாக் காய வச்சுட்டு ஒட்டுங்க. நடுவுல யாரு வேணாலும் ஒட்டிருவாங்க, ஓரந்தான் சோலி. ஓரத்துல ஈரம் புகுந்துச்சுன்னா முழுசும் கையோட வந்துரும்."

சரி சரி என்று தலையாட்டினேன். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவன் நான். எனக்கா ஒட்டத் தெரியாது?

முதல் கதவு அந்தத் திமிரை அடக்கியது. கழற்றி, வினிகர் விட்டுத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் சாத்திவைத்துக் காயவிட்டேன். அதுவரை பாய் சொன்னபடிதான். ஒட்டும்போது சுருக்கம் விழக்கூடாதே என்று ஷீட்டை இழுத்து இழுத்து ஓரத்தில் மடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் நான்கு ஓரமும் தோசை ஓரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இழுத்து ஒட்டினால் குளிருக்கு அது பழையபடி சுருங்கிக்கொள்ளும் என்று யார் கண்டது? அதையும் பாய்தான் பிறகு சொன்னார். "இழுக்காதீங்க சார், சூடு காட்டுங்க. சூடு பட்டா அதுவாப் படிஞ்சுக்கிரும்" என்றார்.

ஹேர் டிரையர் மகளோடு போய்விட்டது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டையான அடியுள்ள எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, துணியால் பிடித்துக்கொண்டு, இஸ்திரி போடுவதுபோல ஓரத்தில் மெதுவாக நகர்த்தினேன். ஷீட் இளகியது. கட்டைவிரலால் அழுத்தினால் மரத்தின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே அதுவும் போனது. தண்ணீர் ஆறினால் ஓரம் பிடிக்காது. ஒரு கதவுக்கு ஐந்து டம்ளர் ஆனது.

பின்பக்கக் காகிதத்தை ஒரேயடியாக உரிக்கக்கூடாது. ஒரு கை அகலம் உரிக்க வேண்டும், துணி சுற்றிய பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும், பிறகு அடுத்த கை அகலம். நான்கு பக்கமும் இரண்டு விரல் கூடுதலாக விட்டு, மூலையில் சாய்வாக வெட்டி, உள்பக்கம் மடிக்க வேண்டும். நோட்டுக்கு அட்டை போடுகிற மடிப்புதான். மகள் படித்த காலத்தில் ஜூன் மாதம் வந்தால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அட்டை போடுவோம். அவள் பிடித்துக்கொள்வாள், நான் மடிப்பேன்.

ஷீட் ஒட்டுவதில் உண்மையான கஷ்டம் இதுதான். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் அரிசி டப்பாவை வைத்தேன். அது நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் "கொஞ்சம் தூக்கு" என்றால் தூக்காது. இரண்டு மூன்று தடவை அப்படிச் சொல்லியும் விட்டேன்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் போன் செய்வாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனைப்போல நான் ஒப்பிப்பேன். மூன்று கதவு முடிந்தது, ஐந்து முடிந்தது, குமிழி வந்தால் ஊசியால் குத்திவிடுகிறேன், ஓரம் எங்கே முடிகிறது என்று கையால் தடவினாலும் தெரியாது. "நல்லா வெரசாத்தான் போகுது" என்பாள். அதற்குப் பிறகு பேத்தியைப் பற்றிப் பேசுவாள்.

எட்டாவதுதான் கடைசி. சுவர் மூலையில், மேலே இருக்கும் அலமாரி. அது அவளுடையது. இட்லித் தட்டு, இடியாப்ப உரல், காபி பில்டர், ஊறுகாய் ஜாடி எல்லாம் அதில்தான். கஞ்சியும் துவையலுமாகக் காலம் தள்ளியவனுக்கு அதைத் திறக்கும் தேவையே வரவில்லை. கீல் கழற்றுவதற்காகத் திறந்தேன்.

ஒன்றுமே இல்லை. மூன்று தட்டும் காலி. துடைத்து, புதுசாக நியூஸ் பேப்பர் விரித்திருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிற மானஸ்தர்கள், அடுத்து வருகிறவர்களுக்காக அப்படி விரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பதினான்கு மாதத்தில் நான்கு முறை வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ராத்திரி தங்கிப் போனாள். முருங்கைக்காயும் தேங்காயுமாக வருவாள். திரும்பும்போதும் பை கனமாகவே இருக்கும். "என்னத்த இம்புட்டு அடைச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை அந்தப் பையைத் தூக்கிப் போனவன் நான்தான். பஸ்ஸில் மேல் தட்டில் ஏற்றி வைத்தவனும் நான்தான். அவள் களவு ஒன்றும் செய்யவில்லை. அவள் சாமான், அவள் சமைக்கிற இடத்துக்குப் போயிருக்கிறது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கதவைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கோபப்பட்டுக் கத்தினாலும் கேட்க ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? உள்ளே வந்து கதவைத் துடைத்து, தேய்த்து, காயவைத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

எட்டில் அந்தக் கதவுதான் அவ்வளவு நேர்த்தியாக அமைந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. நான்கு மூலையும் மரத்தோடு மரமாகப் போய்விட்டது. மாட்டி, சாத்திப் பார்த்தேன். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. "முடிஞ்சிருச்சாங்க?" என்று கேட்டாள். தினமும் கேட்கிற கேள்விதான். காலி அலமாரியைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியில் இருந்த பயம் என் காதில் விழுந்தது. முடிந்தது என்று நான் சொன்னால் அவள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் வரவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் அவள். அவளால் அதைச் சொல்லமுடியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, இளைப்போடு இங்கே கிடப்பாள்.

"இல்ல. ஒரு கதவு பாக்கி கெடக்கு" என்றேன்.

அவள் மூச்சை விட்டது தெளிவாகக் கேட்டது. "அவசரமில்லங்க. மெதுவாப் பாருங்க. குளிர்ல கஷ்டப்படாதீங்க" என்றாள். நீங்களும் வந்துருங்களேன் என்று இந்த முறை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் வெள்ளனே பஸ் ஏறியிருப்பேன். நானாகக் கேட்கலாம்தான். வாய்வரை வந்தது. அதற்குள் பேத்தி அழுதாள், அவள் போனை வைத்துவிட்டாள்.

அவளிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் கடைசிக் கதவின் மேல் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். நகம் நுழைய இடமில்லை. இறங்கிப் போய்க் கத்தியை எடுத்துவந்தேன்.