கட்டிக்கிடந்தே மூழ்கிய படகு

மூன்று நாள் தண்ணீருக்கடியில் கிடந்த மோட்டார் படகை மேலே எடுத்தால் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். பெட்ரோல், சேறு, ஊறிப்போன மெத்தைப் பஞ்சு, அதற்குள் எங்கேயோ செத்த எலி. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கையில் பெட்ரோல் வாடை அடித்தால் நான் எழுந்து இடம் மாறி உட்காருகிறேன்.

அப்போது இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை இஸ்டோரில் பிட்டராக இருந்தேன். ரோலர், என்ஜின், பெல்ட் எல்லாம் என் பொறுப்பு. அறுபதுகளின் நடுவில் மின்சாரத்துக்காக ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசன் முழுக்கத் தண்ணீருக்குள் போயிற்று. அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களை மேல் மலைக்கு ஏற்றினார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு சுவர்களை விட்டுவிட்டார்கள். தேயிலைச் செடி, மாட்டுப்பட்டி, எருக்குழி, கக்கூஸ் குழி, எல்லாம் இருந்த இடத்திலேயே முழுகின. முதல் வருடம் அந்த ஏரி கறுத்துக் கிடந்தது. வெயில் ஏறினால் அழுகின முட்டை வாடை. காரில் வருகிறவர்கள் மேல் ரோட்டில் நிறுத்தி, கண்ணாடியை இறக்காமலே அழகு பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் பெரிய துரை அந்தத் தண்ணீரைக் கண்டதும் படகு வாங்கினார். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற பழைய மரப்படகு. உள்ளே பெட்ரோல் என்ஜின், ஐந்து பேர் உட்காரச் சிவப்பு மெத்தை. தோட்டத்து லாரியில் அதை ஏற்றி வந்தபோது வளைவுக்கு வளைவு ஆட்கள் இறங்கிப் பின்பக்கத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். கரையில் பலகை அடித்து ஒரு துறை கட்டினார்கள். என்ஜினைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தண்ணீர் ஒழுகுவது தெரியும். படகின் அடியில் என்ஜினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அதன் நுனியில் படகைத் தள்ளும் விசிறி. தண்டு சுற்றவும் வேண்டும், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வரவும் கூடாது. அதற்காகக் கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றைச் சுற்றி இறுக்கி ஒரு மூடி போட்டிருப்பார்கள். அதற்கு கிளான்ட் என்று பெயர். எங்கள் இஸ்டோர் பம்பிலும் அதேதான். இந்தப் படகில் தண்டே தேய்ந்திருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்கவில்லை.

துரையிடம் சொன்னேன்.

“கிளான்ட் தேஞ்சிருச்சுங்க தொர. தண்டை மாத்தணும். இல்லாட்டி ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வாளி தண்ணி உள்ள வரும்.”

“ரெண்டு வாளிதானே? ஒரு ஆள் போட்டு இறைச்சிரு” என்றார். துரைமார் தமிழ் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே நீ, வா, போ.

அப்படிப் போட்ட ஆள்தான் படகுக் காவல்காரர். ஐம்பது வயது தாண்டியவர். மரம் வெட்டும்போது ஒரு கிளை விழுந்து இடது கால் நொறுங்கி, மலை வேலைக்கு ஆகாமல் இருந்தார். அவர் இருந்த லயமும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்தது. தினமும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே துறைக்கு இறங்குவார். படகுக்குள் உட்கார்ந்து டின்னால் மொண்டு ஊற்றுவார். மழை பெய்த நாளில் சாயங்காலமும் ஒரு தடவை. ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு நாள் நான் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “நம்ம வூட்டு அடுப்படிக்கு மேல நின்னுக்கிட்டு தண்ணி எறைக்கிறேன் தம்பி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை துரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஐந்து பேர் போகும் படகில் ஒன்பது பேர் ஏறி, கோழியும் குப்பியுமாக ஏரியைச் சுற்றினார்கள். தின்ற எலும்பை உள்ளேயே போட்டார்கள். ஒருவர் விளிம்பில் சாய்ந்து வாந்தி எடுத்தார். அதில் பாதி உள்ளே விழுந்தது. இறங்கும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காவல்காரர்தான் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை துரையும் துரைசாணியும் விருந்தாளிகளோடு நுவரெலியாவுக்குக் கிளம்பினார்கள். பங்களாவில் ஒரு நாய்க்கு வயிற்றுப்போக்கு. துரைசாணி காவல்காரரைக் கூப்பிட்டு, நாங்கள் வரும்வரை நாயை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

“போட்டுல தண்ணி எறைக்கணுங்க தொரசாணி” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

துரை காரில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. “நாயைப் பாரு” என்று மட்டும் சொன்னார். இதைப் பங்களாச் சமையல்காரர் பக்கத்தில் நின்று கேட்டு என்னிடம் சொன்னார்.

அன்று மத்தியானம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. காவல்காரர் நாயின் பீயை அள்ளிக்கொண்டு பங்களா பின்கட்டிலேயே கிடந்தார்.

ஓடும்போதுதான் படகு மூழ்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. கட்டிக்கிடக்கும்போதுதான் மூழ்குகிறது. கிளான்ட் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏறுகிறது. மேலிருந்து மழை. என்ஜின் கனம் பின்பக்கம் இருப்பதால் பின்பக்கம் தாழ்கிறது. அங்கே மழைத்தண்ணீர் வெளியே போக இரண்டு ஓட்டை வைத்திருந்தார்கள். படகு தாழ்ந்து அந்த ஓட்டைகள் ஏரிமட்டத்துக்கு வந்ததும், வெளியே போக வைத்த வழியே உள்ளே வரும் வழியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அரைமணி நேரம் போதும். புதன்கிழமை காலையில் துறையில் கயிறு மட்டும் தண்ணீருக்குள் விறைத்துக்கொண்டு இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை திரும்பி வந்த துரை துறையில் நின்று கத்தினார்.

“ஏய்! தண்ணி இறைக்க யாருக்குச் சொன்னது?”

“எனக்குத்தாங்க. நாயப் பாக்கச் சொன்னீங்களே தொர.”

“நாயா? நாய் பேச்சு யார் கேட்டது?”

காவல்காரர் ஓர் எட்டுப் பின்னால் போனார். நான் பக்கத்தில் நின்றேன். கிளான்ட் தேய்ந்ததை எடுத்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டிலிருந்து நாற்பது பேரை, பாதிப் பேர் கொழுந்து பறிக்கும் பெண்கள், கூடையோடு அப்படியே துறைக்குத் திருப்பினார்கள். இஸ்டோரிலிருந்து கனம் தூக்கும் செயின் பிளாக் வந்தது. லாரியும் வந்தது. லாரியைப் பார்த்ததும் ஒரு பெண் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “போன மாசம் எம் மருமவளுக்கு நோவு கண்டப்ப இந்த லாரி ரிப்பேருன்னாங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நாலு பேரு தூக்கிக்கிட்டுல்ல போனோம்” என்றாள். கங்காணி அவளை அதட்டினார். லாரி ரிப்பேராக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிரேக் போட்டுக் கொடுத்தவனே நான்தான். அன்றைக்கு அது துரையின் மேசை நாற்காலிகளை ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து ஏற்றப் போயிருந்தது.

இரண்டு ஆள் ஆழத்தில், மூக்கு மேலாகவும் பின்பக்கம் சேற்றுக்குள்ளும் படகு கிடந்தது. லாரியில் சங்கிலி கட்டி இழுக்கச் சொன்னார் துரை.

“உள்ளே தண்ணி நெறஞ்சிருக்குங்க தொர. இழுத்தா பலகை பிச்சுக்கும்” என்றேன்.

“இழு!”

லாரி இழுத்தது. மூக்கிலிருந்த இரும்பு வளையம் ஒரு முழப் பலகையோடு பிய்ந்துகொண்டு வந்து கரையில் விழுந்தது. பெண்களில் யாரோ சிரித்தார்கள். துரை என்னைப் பார்த்து, “சரி, நீ எடு” என்று சொல்லிவிட்டுக் குடையின் கீழே போய் உட்கார்ந்தார்.

காலி டீசல் பீப்பாய் எட்டு எடுத்து வாயை இறுக்கி மூடினோம். நான்கு நான்காகக் கட்டி இரண்டு மிதவை. இரண்டுக்கும் குறுக்கே யூக்கலிப்டஸ் மரங்களைப் போட்டுப் படகுக்கு நேர் மேலே நிறுத்தினோம். படகின் வயிற்றுக்குக் கீழே இரண்டு இடத்தில் கயிறு கொடுத்து, மேலே செயின் பிளாக்கில் மாட்டித் தூக்க வேண்டும். ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. தரையை விட்டு எழும்பினால் போதும். அப்படியே கரைப்பக்கம் இழுத்துத் தரை தட்டியதும் நிறுத்தி, மறுபடியும் தூக்க வேண்டும்.

ஆனால் கயிறு கொடுக்க யார் முங்குவது? மலையில் பிறந்த எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் கிணற்றில் குதித்துப் பழகியிருந்தவர் காவல்காரர் ஒருவர்தான்.

“நான் எறங்குறேன். எடுத்துக் குடுத்துட்டா தொர மனசு எறங்குவாரு” என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

அவர் ஒன்பது தடவை முங்கினார். மூக்குப் பக்கம் கயிறு இரண்டாவது தடவையிலேயே போய்விட்டது. பின்பக்கத்துக்குச் சேற்றைக் கையால் தோண்ட வேண்டியிருந்தது. அந்தச் சேறு என்ன சேறு என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் மேலே வரும்போது மூக்கிலும் வாயிலும் கறுப்பாக ஒழுகும். காறித் துப்பிவிட்டு மறுபடியும் போவார். கடைசித் தடவை உதடு நீலம் பாரித்துப் பல் கிட்டிவிட்டது. பெண்கள் தங்கள் கம்பளியைக் கழற்றி அவர்மேல் போட்டார்கள். குடையின் கீழே துரையும் இரண்டு விருந்தாளிகளும் பிளாஸ்கிலிருந்து எதையோ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் இவருக்குக் கொடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

மூன்று தடவை தூக்கி, மூன்று தடவை இழுத்தோம். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்ததும் நிறுத்தி, ஓட்டைகளில் துணி அடைத்து, வாளியால் இறைத்தோம். கோழி எலும்பு வந்தது. ஒரு பெண்ணின் காலிலிருந்து கழன்ற ஒற்றைச் சப்பாத்து வந்தது. எண்ணெய் மிதக்கும் கூழ் வந்தது. மெத்தையைத் தூக்கியபோது ஒரு பெண் தள்ளிப் போய் வாந்தி எடுத்தாள். சாயங்காலம் நான்கு மணிக்குப் படகு கரையில் நின்றது. துரை கிட்டே வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சீ. இது எனக்கு வேண்டாம்” என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

நாற்பது பேரும் சேறு வழிய நின்றோம். அன்று கொழுந்து எடுக்காததால் பெண்களுக்கு அரைப்பேர், அரைநாள் கூலிதான், போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தமான மனிதர். மேசைமேல் ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தது. படகு நல்ல நிலையில் இருந்தது, கிளான்ட் பழுதில்லை, காவல்காரரின் கவனக்குறைவால் மூழ்கியது. இன்சூரன்ஸ்காரருக்குப் போகிற கடிதம். பிட்டர் என்று போட்ட இடத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

“கிளான்ட் தேஞ்சதுன்னு நானே தொரகிட்ட சொன்னேனுங்க ஐயா.”

“தெரியும். எனக்கு விளங்குது. ஆனா நீர் இதில கையெழுத்து வைக்காட்டி நாளைக்கு உம்மட இடத்தில வேற ஆள் நிப்பான். யோசிச்சுப் பாரும்.”

எனக்குக் கலியாணமாகி ஏழு மாதம். வேலையோடு ஸ்டாப் வீடு ஒன்றும் கொடுத்திருந்தார்கள், இரண்டு அறையும் ஒரு குழாயும். நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காவல்காரரை மறுபடியும் மலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலோடு சரிவில் புல்லு வெட்டும் வேலை. ஒரு வாரம் கழித்து இஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

“நீங்க எழுதிக் குடுத்தீங்களா தம்பி?”

“ஆமாங்க அண்ணே.”

“கிளான்ட்டு நல்லாருக்குன்னா?”

“ஆமாங்க.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக் காறித் துப்பினார். சேற்றில் முங்கி எழுந்தபோது துப்பினாரே, அதே மாதிரி, வாயிலிருந்து எதையோ வெளியே தள்ளுகிறவர் போல. திரும்பி நொண்டிக்கொண்டே போனார்.

அந்த வருடக் கடைசியில் துரை சீமைக்குப் போனார். நானும் தோட்டத்தை விட்டு ஹட்டனில் ஒரு கராஜில் சேர்ந்தேன். மனச்சாட்சி உறுத்தித்தான் போனேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே வேலை லேசு.

இரண்டு வருடம் கழித்து மகனுக்குக் காய்ச்சல் என்று டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். மருந்து வாங்கும் வரிசையில் பெஞ்சில் காவல்காரர் இருந்தார். கால் வீங்கித் துணி சுற்றியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிள்ளையைப் பார்த்தார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் பேச்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “கால் எப்படிங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விழுந்தது. பிள்ளையோடு அதில் உட்கார்ந்தேன். அவர் எனக்காக நகர்ந்தார் என்று சொல்ல முடியாது. முன்னால் இருந்தவர் மருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார், வரிசை நகர்ந்திருந்தது.