தாடிக்காரருக்கு வைத்த பொட்டு

படூரில் சித்தப்பாவின் அடுக்குமாடி வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் கூடத்துச் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்கள், ஒரு காலத்தில் உலகத்தையே ஆட்டிவைத்த ராக் இசைக்குழு. மூன்று பேர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். நான்காமவர் நெற்றி வெறுமை. ஏதோ ஒரு தேசத்தில் எண்பதைத் தாண்டியும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படம் எங்கள் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழெட்டு வயது. சித்தப்பா மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். உப்புக்காற்றில் துருவேறும் சைக்கிள்கள், அவற்றில் ஏறிக் கோயில் கோயிலாகச் சுற்றும் வெளிநாட்டுக்காரர்கள், ஊர் திரும்பும்போது அவர்கள் விட்டுப்போகும் கேசட்டுகள். படமும் அப்படி ஒருவர் விட்டுப்போனதுதான். சித்தப்பா அதைச் சாமிப் படக் கடையில் கொடுத்துக் கண்ணாடி போட்டு, ஓரமெல்லாம் ஜிகினா ஒட்டி வாங்கி வந்தார். பாட்டு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியாது. ஆனால் அந்த டிரம்ஸ் அலையைப் போல மார்பில் வந்து மோதும். நான் காரணமே இல்லாமல் வீட்டைச் சுற்றி ஓடுவேன்.

பாடுகிறவர் முன்பே இறந்திருந்தார். டிரம்ஸ்காரர் போன செய்தியைச் சைக்கிள் எடுக்க வந்த ஒருவர் சொல்ல, சித்தப்பா கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து குப்புறப் படுத்துக்கொண்டார். சோறு வேண்டாமா என்று அம்மா கேட்டாள்.

"தாடிக்காரரு பூட்டாரு அண்ணி."

படத்தில் தாடிக்காரர்கள் இரண்டு பேர். எந்தத் தாடி என்று அம்மா கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போது சித்தப்பாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். வந்த இடமெல்லாம் தோள்வரை தொங்கும் அவர் முடியையும் சைக்கிள் கடையையும் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய், சொல்லி அனுப்பாமலே இருந்துவிட்டன. கடைசியாக சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஓர் இடம். பெண் மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். கோயிலில் வைத்துப் பார்த்தாயிற்று, எங்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்து அவர்கள் வீடு பார்க்க வரவேண்டும். குடியிருக்கப் போவது நான்தானே, நானும் வருகிறேன் என்றாளாம் பெண். வழக்கத்தில் இல்லாத இந்தப் பேச்சில் அம்மா ஆடிப்போய்விட்டாள். இதுவும் தட்டிப்போனால் இனி நான் அலையமாட்டேன் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் வருகிற அன்று வீட்டைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா படத்துக்கு முன்னால் நின்றாள். இறந்தவர்களைப் பூவும் பொட்டும் இல்லாமல் கூடத்தில் வைத்திருந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? பாடுகிறவருக்கு வைத்தாள். தாடிகளில் கொஞ்சம் சோகமாக இருந்தவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கும் வைத்தாள்.

சித்தப்பா அதைப் பார்த்தபோது எல்லோரும் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்தது. அண்ணனுக்கு எதிரே வாய் திறந்து பழக்கமில்லாதவர், நின்றபடியே நெளிந்தார். பெண்ணின் அப்பா, இவர்களெல்லாம் யார் என்று கேட்டார். தம்பிக்கு வேண்டியவர்கள், இரண்டு பேர் தவறிவிட்டார்கள் என்று அம்மா பதமாகச் சொன்னாள்.

பெண் எழுந்து படத்தருகே போனாள். அவள் அண்ணனிடம் இதே கூட்டத்தாரின் கேசட்டுகள் இருந்தன என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

"இவரு சாவலியே. இவரு கிதாரு வாசிக்கிறவரு. பூட்டது அந்தாண்ட கீற தாடி."

சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டாள்.

அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். பெண்ணின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல குங்குமத்த அழிக்கிறியேடி, பாவி."

அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். அப்போதுதான் சித்தப்பா பேசினார், யார் முகத்தையும் பார்க்காமல், படத்தைப் பார்த்து.

"அவங்க அழிக்கலன்னா நானே அழிச்சிருப்பேன். உயிரோட கீற மனுசனுக்கு எதுக்கு இந்தப் பொட்டு?"

அம்மா உள்ளே போனாள். குங்குமச் சிமிழோடு திரும்பி வந்தாள். நேராகப் பெண்ணிடம் போய் நீட்டினாள்.

"எனுக்கு இவங்க மூஞ்சி வெளங்கலம்மா. பூட்டவருக்கு நீயே வெச்சுடு."

பெண் வைத்தாள். அவள் அம்மா மெல்ல எழுந்து வந்து, இந்தத் தாடியையும் அந்தத் தாடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது. யாரக் குத்தம் சொல்றது?"

முதலில் அப்பாதான் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. அவள் அப்பா மறுபடி உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார். அம்மா அதே சிமிழிலிருந்து ஒரு விரல் குங்குமம் எடுத்து அந்தப் பெண்ணின் நெற்றியில் வைத்தாள். சித்தப்பா எதற்கோ கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்க் கழுவினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கோ இருக்கிற ஒரு மனிதர் உயிரோடிருப்பதற்கு எங்கள் வீட்டில் இவ்வளவு கொண்டாட்டமா! அவர்கள் வேன் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டு அக்கா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னாடி, முடிஞ்சுதா?"

"முடியலக்கா," என்றேன். "பொழச்சுக்கினாரு."