சோலைக்காரியும் கண்ணாடிக் கிளாஸும்

எனக்கு எழுபத்தெட்டு வயசு. அஞ்சு பிள்ளை பெத்து, அஞ்சையும் சன்னல் திறந்த வீட்டில் வளர்த்து ஆளாக்கினவள் நான். எங்கள் மலையூர் பூண்டியில் உறைபனி விழுகிற மாசத்தில் அப்போது அப்படி யாரும் வளர்க்கவில்லை.

அந்த மாசம் வந்தால் எங்கள் வீட்டில் குளிர்காய வைக்கிற "கணப்புச் சட்டி" வாசம்தான். கரிக்கங்கு பழுத்து, பரண்மேல் கிடக்கிற மலைப்பூண்டு அந்தச் சூட்டில் லேசாகக் கருகுகிற வாசம். ஊரையொட்டின சோலைக்காட்டுக்குள் பிள்ளையில்லாமல் அலைகிற "சோலைக்காரி" குளிருக்கு வீடு தேடி வருவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள் என்பது ஊர்ப் பேச்சு. அவள் நுழையாதிருக்கச் சன்னலில் சாக்கைத் திணிப்பார்கள். அவள் அஞ்சுகிற நெருப்பை விடிய விடிய அணையாமல் வைப்பார்கள். அப்படித் திணித்துப் படுத்த ஒரு பனிக்காலத்தில், என் தம்பி முருகேசன் காலையில் எழுந்திரிக்கவில்லை. காய்ச்சலில்லை, காயமில்லை. எங்களுக்கெல்லாம் தலைவலியும் குமட்டலும். அம்மா சாக்கைச் சரியாகத் திணிக்கவில்லை, சந்துவழியாக அவள் வந்துவிட்டாள் என்றாள் அத்தை. அடுத்த வருசம் தங்கச்சி பிறந்ததும் அம்மா இரண்டு சாக்காகத் திணித்தாள். சட்டியில் கரியையும் கூட்டிப் போட்டாள்.

நான் படித்தது ரெண்டாப்பு வரைக்கும்தான். அங்கே டீச்சரம்மா ஒருநாள் மெழுகுவத்தியைப் பொருத்தி, மேலே கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்த்தார். தீ குறுகி, தலைகுனிந்து, செத்தது.

"யாரும் ஊதல பாத்தீங்களா? நெருப்பும் காத்தத்தான் திங்கும். பூட்டுன வீட்டுல கரி எரிஞ்சா இருக்கிற காத்தும் விசமாயிரும், அதுக்கு வாசங்கூடக் கெடயாது, தூங்குறவங்க முழிக்கவே மாட்டாங்க" என்றார்.

தங்கச்சி அந்த வீட்டில்தானே படுக்கிறாள்!

ஓடிவந்து சொன்னேன். "அடியே, ரெண்டெழுத்து படிக்கப் போனவ சோலைக்காரிக்கே பாடம் எடுக்குறா பாரு!" என்று அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "சாக்குல கைய வச்ச, ஒடிச்சுப்புடுவேன்" என்றாள். டீச்சரம்மாவிடமே கிளாஸையும் வத்தியையும் கேட்டு வாங்கி வந்து, அம்மா முன்னால் பொருத்திக் கவிழ்த்தேன்.

தீ அணைந்தது. "இன்னொரு தடவ வையி" என்றாள். வைத்தேன். இந்தத் தடவை அவள் தீயைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சாக்கை உருவினாள்.

"நல்லாத்தானே திணிச்சிருந்தேன், அன்னைக்கும்" என்றாள், யாரிடமோ.

தங்கச்சி பிழைத்தாள், இன்றைக்குப் பக்கத்து ஊர் பள்ளங்கியில் பேரன் பேத்தி எடுத்திருக்கிறாள். அம்மா சாகிறவரை எந்தக் குளிரிலும் கணப்புப் பக்கம் உட்காரவில்லை. சாக்கை உருவின அந்த நாளுக்கு முன்னெல்லாம் விறகுக்குப் போனால், சோலையோரம் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சோலைக்காரியை வைவாள். வைதுவிட்டு வந்து சோறு உண்பாள். அப்புறம் வைய ஆளில்லை.

இப்போது பூண்டியில் கரண்டு ஹீட்டர் இருக்கிறது. சோலைக்காரி என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டைவிட்டு அவளை விரட்டினவள் நான், அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் சோலையைக் கடக்கும்போதெல்லாம், எங்கம்மாவுக்காக அவள் இன்னும் கொஞ்ச காலம் அங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

ஏத்தா, நான் சொல்லச் சொல்ல எல்லாத்தையும் எழுதிட்டியா? எங்கே, வாசி கேப்போம். வெரசா வேணாம், நிதானமா வாசி.