பள்ளத்தோரம் நடந்த நாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓரிடத்தில் ஒரு வருடம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். வத்தேகமையில் ஒரு முதலாளி ஆட்டு வியாபாரம் செய்தார். ரயிலில் வந்து இறங்கும் செம்மறிகளை மலைப் புல்லில் மேயவிட்டு, அவர் சொல்லும் நாளில் டவுனுக்கு இறக்குவது என் வேலை. கூலி குறைவு, அட்டைக்கடி அதிகம்.

பாதிக்கு மேல் வேலை பார்த்தது முதலாளி கொடுத்த நாய்தான். செம்பட்டை நிறத்தில் ஒரு ஊர் நாய். டவுனுக்கு இறங்கும் ரோட்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நாய் எப்போதும் பள்ளத்தோரமாகவே நடக்கும். ஓர் ஆடு விளிம்புக்கு வந்தால் தோளால் இடித்து உள்ளே தள்ளும். குரைக்காது, குரைத்தால் ஆடு மிரண்டு குதித்துவிடும்.

ரோட்டுக்கு மேலே தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேதக்காரப் பெண், கன்னியர் மடத்தில் கொஞ்சநாள் தையல் படித்தவள். புருஷன் இறந்து, தோட்டக் கூலிகளின் லயத்து அறையில் தனியாக இருந்தாள். ஒரு நாள் என்னை நிறுத்தி, கோதுமை மா மூட்டைத் துணியில் தைத்த ஒரு படத்தை விரித்துக் காட்டினாள். கிழிந்த கம்பளியைப் பிரித்தெடுத்த கறுப்பு நூலில் ஆடுகள். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த நூலில் நாய். துணியின் ஓரத்தில், பள்ளத்தை ஒட்டி, தலையைத் தாழ்த்தி அது நடந்துகொண்டிருந்தது.

"என்னைக் காணோமே, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"ஒங்கள எதுக்குண்ணே? வேல செய்யிறது நாய்தானே!"

டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி நடக்கவிருந்தது. முதலாவதாக வருபவளுக்கு அங்கேயே தையல் டீச்சர் வேலை. கூடைக் கயிறு இழுத்து இழுத்து உச்சந்தலையில் தழும்பு விழுந்திருந்த அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துணியோடு அவள் போன அன்று எனக்கும் டவுனுக்கு ஆடு இறக்கும் நாள். ரோட்டோரம் ஆடுகளை நாயின் பொறுப்பில் விட்டுவிட்டு, மண்டப வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

பரிசு கொடுக்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரைசாணி அவள் துணியைக் கையில் எடுத்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு நாயின் மேல் விரலை வைத்தாள். "இது ஏன் ஓரத்தில? எங்க நாட்டில மந்தை நாய் நான் நிறைய பாத்தது. இந்த நாய் நடுவில வரணும். பிரிச்சுத் தை. அப்ப பரிசு உனக்கு."

அவள் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நாயைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அந்த அம்மாள் அதே ரோட்டில் மோட்டாரில்தான் போவாள். ஆட்டுக்குப் பின்னால் அரைமைல் நடந்திருப்பாளா? கண்ணால் கண்டதைத் தைத்தவளுக்குக் காணாதவள் திருத்தம் சொல்வதா?

"நாய நடுவுல விட்டா ஆடு பூரா பள்ளத்துல கெடக்கும், தொரைசாணி! தைக்காத தங்கச்சி, எந்திரிச்சு வா!" என்று உள்ளே புகுந்து கத்தினேன். சிலர் சிரித்தார்கள். சட்டையைப் பிடித்து என்னை வெளியே தள்ளினான் பியூன்.

வெகுநேரம் கழித்து அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நாயை நடுவில் தைத்துத்தான் கொடுத்திருக்கிறாள். ஆனால் துரைசாணி, "அந்த ஆட்டுக்காரன் உனக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் ஆமாம் என்றிருக்கிறாள். இப்படிப்பட்ட முரடர்களோடு பழகும் பெண்ணைப் பிள்ளைகளுக்கு டீச்சராக வைக்க முடியாதாம். புத்தகத்தைப் பார்த்து ரோஜாப்பூ தைத்த தலையணை உறைக்குப் பரிசு போய்விட்டது. வேலையும் அதோடு போனது.

"அநியாயம்! நான் போயிக் கேக்குறேன்!" என்று மறுபடியும் கிளம்பினேன்.

அவள் குறுக்கே நின்றாள். "போதும்ண்ணே. நீங்க சொன்னது நெசந்தான். அத நான் மொதல்லயே தச்சிட்டேனே. ஒங்கள யாரு சத்தம் போடச் சொன்னா?"

நான் திரும்பி ஆடுகளிடம் போனேன். அடுத்த மாதம் நான் கம்பளைப் பக்கம் போய்விட்டேன். என்னைப் போன்றவனுக்கு இடம் மாறுவது பெரிய காரியமல்ல. கண்காட்சிக்கு மறுநாள் விடியுமுன் கூடையோடு வரிசையில் போய் நிற்க வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

துரைசாணி மேல் எனக்குள்ள கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் எங்கே அநியாயத்தைக் கண்டு வாய் துடித்தாலும், நான் கத்தினால் அடி யார் மேல் விழும் என்று அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பார்க்காமல் இருந்ததில்லை.