மத்தியான மாத்திரைக்கு ஓர் இழுப்பறை

உளியின் முனை சட்டத்தின் ஓரத்தில் நின்றது. இடது கை அதை அசையாமல் பிடித்திருக்க, வலது கை கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டியது. நகத்தளவு சீவல் சுருண்டு விழுந்தது. விரல்கள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தன. இன்னும் ஒரு தட்டு. மேசைப் பலகைக்குக் கீழே, முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே, ஒரு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது.

கட்டிலில் சாய்ந்தபடி மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மேசைக்குப் பல்லு பிடுங்கறீங்களா, பல்லு கட்டறீங்களா?"

"இப்பத்தான் வாயையே திறந்திருக்கேன். பல்லு அப்புறம்."

மரப்பட்டறையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தொழில் அல்ல. அடுத்தவர் செய்வதைப் பார்த்து, மரத்தைக் கெடுத்து, மறுபடி செய்து கற்றது. அதனாலேயோ என்னவோ, அளவில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். முப்பது வருடமாக ஊரார் வீட்டு மேசைகளுக்கெல்லாம் இழுப்பறை செய்தவர், தன் வீட்டுக் கட்டிலோரச் சின்ன மேசைக்கு ஒன்று செய்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

அவளுக்கு நடுக்க நோய் வந்து மூன்று வருடம். வலது கை ஓயாமல் ஆடும். இடது கை ஆடாது. ஆனால் விரல்கள் மடங்காது. காலை மாத்திரையும் சாயங்கால மாத்திரையும் அவரே வாயில் போட்டுவிடுவார். மத்தியான மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவார். போன செவ்வாய்க்கிழமை வலது கை பட்டு அது கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளும் விழுந்தாள். மாத்திரை போகாத உடம்பு கட்டையாகிவிட்டது. ஆறு மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது அவள் கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. மாத்திரை மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. தரையெல்லாம் ஈரம்.

"யாராவது வர்றதுக்குள்ள துணிய மாத்தி விடுங்க" என்றாள்.

செய்தி கேட்டு வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன்பா. எங்க பக்கத்துல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. அம்மாவை அங்க சேத்துடலாம்."

"நான் என் வீட்லயே கிடக்கேன்டி" என்றாள் மனைவி, போனுக்குக் கேட்கும்படி கழுத்தை நீட்டி.

"சரி. மத்தியான மாத்திரைய என் கண்ணு முன்னாடி நீயே எடுத்துப் போட்டுக்க. அப்பா கை வைக்கக் கூடாது. உன்னால முடிஞ்சா உன்னை இங்கயே விட்டுட்டுப் போறேன். முடியலைன்னா வண்டியில ஏறணும். சொல்லிட்டேன்."

"என்னைப் பெத்தவ மாதிரியில்ல பேசறா" என்றாள் மனைவி. அவர் சிரிக்கவில்லை. அன்றே பலகை எடுத்துவந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் இழுப்பறை முடிந்தது. மூலைகளில் ஒரு ஆணி கிடையாது. பல்லுக்குப் பல் கோத்திருந்தார். பக்கவாட்டில் காகிதம் நுழையும் இடைவெளிதான். உள்ளே தள்ளியபோது அடைபட்ட காற்று மெல்ல வெளியேறி, பெட்டி மிதந்து போய் உட்கார்ந்தது. பட்டறையில் இதற்கு மூச்சு என்று பெயர். மூச்சு விடாத இழுப்பறையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

"இழு பார்க்கலாம்."

அவள் இடது கையைக் கொண்டுபோனாள். கைப்பிடிக் குமிழ் விரல்களுக்குள் அடங்காமல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை உள்ளங்கையின் ஓரத்தால் நெம்பி இழுத்தாள். மேசை நகர்ந்து வந்தது. இழுப்பறை வாயைத் திறக்கவில்லை.

"மாத்திரைக்குப் பதிலா மேசைய முழுங்கணும் போலிருக்கே."

அவர் ஒற்றை விரலால் இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. "எனக்கு வருதே!"

"உங்களுக்கு வரும். வியாதி யாருக்கு?"

அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அகலம், ஆழம், பலகையின் கனம் எல்லாம் அளந்திருந்தார். அந்தக் கை எவ்வளவு இழுக்கும் என்று அளக்கவில்லை. அந்தக் கை எப்போதும் நேராக இழுக்காது, ஒரு பக்கமாகத்தான் இழுக்கும். அப்படி இழுத்தால் இறுக்கமான பெட்டி கோணிக்கொண்டு சிக்கும். இது அவருக்குத் தெரியாததல்ல.

இழைப்புளியை எடுத்தார். பெட்டியின் இரண்டு பக்கமும் சீவினார். போதும் என்று கை நின்ற இடத்துக்கு மேலும் சீவினார். பெட்டி லொடலொடவென்று ஆடியது. பட்டறையில் இதைக் கிழவன் பல்லு என்பார்கள். செய்தவனை ஒரு வாரம் ஓட்டியெடுப்பார்கள். ஓட்டுவதில் அவரே முதல் ஆள்.

அடிப்பலகையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். முழுதாக உருவி வந்து மடியில் விழாதபடி பின்னால் ஒரு தடுப்புக் கட்டை வைத்தார். குமிழைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய தோல்வாரை அறுத்து, மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு ஒரு வளையம் மாட்டினார். மேசைக் காலைக் கட்டில் காலோடு சேர்த்துத் திருகாணி முடுக்கினார்.

"அசிங்கமா இருக்கு" என்றார்.

"நான் மட்டும் என்ன?" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி. மகள் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் சுவரோரம் நின்றார்.

மனைவி கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, இடது மணிக்கட்டை வளையத்துக்குள் விட்டு, உடம்பையே பின்னால் சாய்த்தாள். இழுப்பறை கடகடத்துக்கொண்டு வந்து நின்றது. மாத்திரை உள்ளே இருந்தது. விரல்கள் அதைத் தொட்டன, தள்ளின, மூலைக்குத் துரத்தின. எடுக்க முடியவில்லை. அவர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"அப்பா" என்றாள் மகள்.

மனைவி குனிந்தாள். தலையை இழுப்பறைக்குள் கொண்டுபோய், உதட்டால் மாத்திரையைக் கவ்வினாள். நிமிர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கட்டில் தலைமாட்டில் கட்டியிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் குழாயை வாயில் பிடித்து உறிஞ்சினாள். தொண்டை ஏறி இறங்கியது.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவி அவள் பைக்குள் போயிருந்தது.

திறந்தே கிடந்த இழுப்பறையை மூட அவர் கை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றாள் மனைவி. மோவாயில் மரத்தூள் ஒட்டியிருந்தது. "செஞ்சு குடுத்தாச்சில்ல? இனிமே இது என்னுது."

அவர் கையை எடுத்தார்.