குட்டைக் கதவின் சாவி

வார நாட்களில் அவள் சலவை நிலையத்தில் அடுத்தவர்களின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பவள். அங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சனிக்கிழமை வந்துவிட்டால் கதையே வேறு. வெளியூர்க்காரர்கள் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டபடி பின்னாலேயே நடப்பார்கள். வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பழைய தேவாலயத்தின் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. ஊருக்கே அவள் சாவியக்கா.

வழிபாடெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் கட்டடத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பழையதைத் தேடி வருகிறவர்கள் அதன் அழகுக்காக வருகிறவர்கள். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி மரக்கூரை. பிரசங்க மேடையின் கைப்பிடியில் திராட்சைக் கொடி, அதில் பழத்தைக் கொத்த வாய் திறந்த ஒரு குருவி. மாலை வெயிலில் நீலமும் சிவப்புமாகத் தரையில் சிந்தும் கண்ணாடி வெளிச்சம்.

சாவி பொருந்துவது பக்கவாட்டிலுள்ள குட்டைக் கதவுக்கு மட்டும். பெரிய கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கட்டைதான். ஆகவே திறப்பவரும் பூட்டுபவரும் குட்டைக் கதவு வழியாகத்தான் போய்வந்தாக வேண்டும். அந்த வாசலின் மேல்கட்டை ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. கட்டியவனுக்கு அளவு தெரியாமல் இல்லை. நிலத்துக்காரர்கள் பெரிய கதவால் நிமிர்ந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் நிலத்தில் உழைத்தவர்கள் இந்தப் பக்கம் குனிந்து வந்து, பீடமே கண்ணில் படாத தூணுக்குப் பின்னால் நின்றார்கள். கடவுளுக்கு எல்லோரும் பிள்ளைகள் என்று பாடிய அதே கூரைக்குக் கீழேதான் இந்த ஏற்பாடு. சாவியக்காவின் ஆட்கள் தூணுக்குப் பின்னால் நின்றவர்கள். சாவி அவர்கள் கைக்கு வந்தது யாருடைய பெருந்தன்மையாலும் அல்ல. தினம் குனிகிற வேலையை வேறு யார் செய்வார்கள்?

அதனால் யார் வந்தாலும் அவள் குட்டைக் கதவு வழியாகத்தான் கூட்டிப்போவாள். "முதல்ல குனிங்க. அப்புறம் மேல பாக்கலாம்" என்பாள்.

ஆனால் இளகிய மனசுக்காரி. ஒருமுறை கர்ப்பிணி ஒருத்தி நெற்றியை இடித்துக்கொண்டு கலங்கியதைப் பார்த்துவிட்டு, கிழிந்த விரிப்பில் பஞ்சடைத்துத் தைத்து மேல்கட்டையில் ஆணியடித்து வைத்தாள். அதன் பிறகு யாருக்கும் வலிக்கவில்லை. சிரித்துக்கொண்டே குனிந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் தங்கை மட்டும் விடவில்லை. "அடி வாங்கின இடத்துக்கு மெத்தை போட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான்க்கா" என்றாள்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தேவாலயக் குழுத் தலைவருக்கு யோசனை பிறந்தது. பெரிய கதவால் வந்தவர்களின் பேரன் அவர். 'பணிவின் வாசல். இறைவன்முன் எல்லோரும் தலைவணங்கவே தாழ்வாக அமைக்கப்பட்டது' என்று ஒரு பித்தளைப் பலகை செய்தார். பழைய கட்டடங்களை ஆராயும் அம்மா ஒருவர் சனிக்கிழமை வருகிறார், அவர் ஒப்புக்கொண்டால் பலகையை மாட்டிவிடலாம். அவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும், முடியாதென்றால் சாவியை வைத்துவிட வேண்டும் என்று சலவை நிலையத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. சாவியக்காவின் கணவன் செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். தாத்தாவின் பெயரில் தூசி விழுவதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

அந்த வாரம் இரண்டு தலையணை உறைகள் கருகின. சொல்லிவிட்டுத்தான் போயேன், செத்தவர்கள் வந்து கேட்கவா போகிறார்கள் என்றாள் தங்கை. சாவியக்கா இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாவி போய்விட்டால் ஏழு நாளும் அவள் வெறும் இஸ்திரிக்காரிதான்.

சனிக்கிழமை தலைவர் வழக்கம்போல் பெரிய கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஆராய வந்த அம்மா குட்டைக் கதவில் குனிந்தார். தலை பஞ்சில் பட்டதும் சிரித்தார்.

"தொட்டிலுக்குள்ள போற மாதிரி மெத்துன்னு இருக்கு."

அந்தச் சிரிப்பு சாவியக்காவைச் சுருக்கென்று தைத்தது. மெத்தென்று ஆக்கியது அவள்தானே. கையை நீட்டிப் பஞ்சை ஆணியோடு பிய்த்தாள். கீழே மரம் நடுவில் மட்டும் கறுத்து, வழவழவென்று குழிந்திருந்தது. தலைகள் உரசி உரசித் தேய்ந்த குழி. தைத்து மூடிய நாளிலிருந்து அவளே அதை மறந்திருந்தாள்.

"கையை வெச்சுப் பாருங்கம்மா" என்றாள். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையை வைத்தார்.

பெரிய கதவு தட்டப்பட்டது. சாவியக்கா போய்க் கட்டையை எடுத்தாள். தலைவர் பலகையோடு உள்ளே வந்து, பணிவின் பெருமையைத் தாமே விளக்கத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"எல்லாருக்கும்தான்னா ஐயா, உங்க தாத்தா ஏன் ஒருநாள்கூட இந்தப் பக்கமா வரலை?"

தலைவர் கூரையைப் பார்த்தார். பலகையில் இருப்பதற்குத் தம்மால் ஒப்புதல் தர இயலாது என்று அந்த அம்மா தணிந்த குரலில் சொன்னார்.

"சாவியைக் குடும்மா" என்றார் தலைவர்.

அவிழ்த்துக் கொடுத்தாள். இடுப்பு சட்டென்று லேசானது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை. பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்து வெளியே வந்தாள், அந்த அம்மாவும் கூட வந்தார்.

உள்ளே தலைவர் பெரிய கதவுக்குக் கட்டை போடும் சத்தம் கேட்டது. இனி அவர் குட்டைக் கதவால் வெளியே வந்து பூட்ட வேண்டும். காலடி நெருங்கி வந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளக்கும் செருப்பும் நெஞ்சு வரைக்குமான சட்டையும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. ஒரு குனி குனிந்தால் போதும். செருப்பு முன்னால் நகர்ந்தது, பின்னால் போனது. கடைசியில் ஒரு கை மட்டும் சாவியோடு வெளியே நீண்டது.

"நீயே பூட்டிக்கம்மா."

மறுபடி கட்டை எடுக்கும் சத்தம். நிமிர்ந்தே வந்தவர் நிமிர்ந்தே போய்விட்டார்.

சாவியக்கா குனிந்து உள்ளே போய்க் கட்டையைப் போட்டாள். பித்தளைப் பலகை முன்வரிசை இருக்கையில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள். வெளியே வந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பஞ்சை அமுக்கிப் பார்த்தாள். நல்ல பஞ்சு. சலவை நிலையத்தில் அவள் உட்காரும் முக்காலிக்கு ஆகும்.